காற்றைக் கணக்கில் சேர்க்காதவன்

இயற்பியல் புத்தகத்தில் வருகிற மனிதனை நான் இதுவரை எங்கேயும் நேரில் சந்தித்ததில்லை. அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பிழைப்பும் கிடையாது. காலையில் எழுந்தால் எண்பதடி உயரமுள்ள ஒரு கோபுரத்தில் ஏறுவான். மேலிருந்து ஒரு கல்லை எறிவான். கீழே யாரும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். 'எவன்டா அவன்?' என்று ஒரு குரலும் வராது. கல் எத்தனை விநாடியில் எங்கே விழும் என்று நம்மைக் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் கிணற்றுக்குள் கல் போடப் போய்விடுவான். முக்கியமாக, அவன் ஊரில் காற்றே அடிக்காது.

அந்த மனிதனாக நான் ஒரே ஒரு நாள் வாழ்ந்து பார்த்தேன். 1960ஆம் வருடம், ஆடி பதினெட்டு. இடம் ஜேடர்பாளையம், காவிரிக்கரை. நேரம் காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து தினக்குறிப்பு எழுதுகிறவன் நான். எங்கள் சொந்தத்தில் இந்தச் சம்பவத்துக்கு இன்றைக்கு ஒன்பது பாடபேதங்கள் நிலவுகின்றன. ஒன்றில் நான் ஆற்றில் விழுந்து, பரிசல்காரர் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்குகிறார். இன்னொன்றில், யார் சேர்த்தார்களோ தெரியவில்லை, ஒரு யானை வருகிறது. யானை வரவில்லை. வந்தது ஆடு. இதையாவது நேர்செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் பழைய குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அப்போது நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். 'படித்துக்கொண்டிருந்தேன்' என்பது பெரிய வார்த்தை. சேர்ந்து சரியாக முப்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், முப்பத்து நான்கு நாள் படிப்பே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. விடுமுறைக்கு வந்தால் மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் சொன்னேன். (அந்த மாடு பிழைத்துக்கொண்டது. அதில் எனக்குப் பங்கில்லை.)

எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர் அந்தோணிசாமி சார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் அவர்தான் முதல் குரல் என்பார்கள். அதனாலோ என்னவோ, சூத்திரங்களைக்கூட ஒரு ராகத்தோடுதான் சொல்வார். ஆடி பிறந்த வாரத்தில் எறிபொருள் பாடம் ஆரம்பித்தார். சாய்வாக எறியப்பட்ட எந்தப் பொருளும் வளைகோட்டில் போய் விழும். நாற்பத்தைந்து பாகையில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும். பொருளின் எடைக்கும் போகிற தூரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.'

நான் அதைப் புறக்கணித்தேன். வாத்தியார் சொன்னதை அந்த அளவுக்குத் தட்டாமல் கேட்ட மாணவன் அந்த வகுப்பில் வேறு எவனும் கிடையாது.

அன்று சாயங்காலமே விடுதி மைதானத்தில் சோதனை. அறைத்தோழனின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவு கல் ஒன்றை நேர் மேலே எறிந்து, திரும்பி வரும் நேரத்தைக் கணித்தேன். ஐந்து முறை எறிந்ததில் சராசரி மூன்று விநாடி. (ஆறாவது முறை எறிந்தது சமையற்கட்டின் ஓட்டில் விழுந்தது. அதைச் சராசரியில் சேர்க்கவில்லை.) மூன்று விநாடி என்றால் என் கையின் வேகம் விநாடிக்கு நாற்பத்தெட்டடி. நாற்பத்தெட்டை நாற்பத்தெட்டால் பெருக்கி முப்பத்திரண்டால் வகுத்தால் எழுபத்திரண்டு. ஆக, எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் எழுபத்திரண்டடி தூரத்துக்கு நான் எறிவேன். இரும்பென்றாலும் சரி, இலவம்பஞ்சென்றாலும் சரி. எடைக்குத்தான் சம்பந்தம் இல்லையே.

இந்த எழுபத்திரண்டு என்கிற எண்ணைக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் காது சூடாகிறது.

இனி ஆற்றங்கரைக்கு வரவேண்டும். அதற்கு முன் மணியக்காரரைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வைகாசியில்தான் என் அக்கா பாவாயிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ஜேடர்பாளையத்துக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம். மாமனார் பல வருடம் கிராம மணியம் பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் மணியக்காரர்தான். ஆள் ஆறடி. கொடிக்கம்பம் மாதிரி உட்காருவார். அவரிடம் ஒரு விசேஷம் உண்டு: தலையை ஆட்டமாட்டார். ஆமாம் என்றும் ஆட்டமாட்டார், இல்லை என்றும் ஆட்டமாட்டார். ஒரு விஷயத்தைக் கேட்டால் கேட்டவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டவருக்கு மூன்றாம் நிமிடத்தில் தன் கோரிக்கை மேலேயே சந்தேகம் வந்து, "சரிங்க, வாரேனுங்க" என்று எழுந்து போய்விடுவார். கல்யாணத்தில் பூசைக்காரர் குனியச் சொன்னபோதுகூட, இடுப்பிலிருந்து மொத்தமாகச் சாய்ந்தாரே தவிர, கழுத்து மடங்கவில்லை.

அந்தத் தலையைத்தான் இரண்டு குடும்பமும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சானுக்குச் சேலத்தில் ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்திருந்தது. ஆடி முடிந்ததும் அக்காவும் அவரும் சேலத்தில் குடித்தனம் வைப்பதென்று இவர்களாக ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. மச்சான் அப்பாவிடம் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அந்தத் தலை அசையவில்லை. ஆடி பதினெட்டன்று ஆற்றங்கரையில் சாப்பாடு முடிந்ததும், சம்பந்தி என்கிற முறையில் என் அப்பா ஒருமுறை கேட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. அதுதான் கடைசி வாய்ப்பு.

எங்கள் பக்கத்தில் கல்யாண மாலைகளைக் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். ஆணியில் மாட்டி வைத்திருந்து, ஆடி பதினெட்டன்று பொண்ணும் மாப்பிள்ளையும் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடவேண்டும். மண்ணில் விழக்கூடாது, மிதிபடக்கூடாது. தண்ணீரோடு போனால்தான் குடித்தனம் தடையில்லாமல் ஓடும் என்று நம்பிக்கை.

ஆடி மாதம் என்பதால் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அன்று விடியக் கிளம்பும்போதே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ வாயைத் தொறக்காம இருந்துட்டு வா சாமி. உன்ற காலேஜுக் கதையெல்லாம் அங்க எடுக்காதே. அவுங்க மனசு கோணாம இருக்கோணும்."

"நான் என்னக்கா பண்ணப் போறேன்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சொல்றேன்?" என்றாள். "சேலத்துல குழாயைத் திருகுனா தண்ணி வருதாமாடா?"

"வருது."

"திருகுனாப் போதுமா?"

"போதும்."

மாமியார் வீட்டுக் கிணறு அறுபதடி ஆழம்; வீட்டில் பதினான்கு பேர். கயிறு இழுத்துக் காய்த்துப்போயிருந்த அவள் கையைப் பார்த்திருந்தால் நான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நான் என் சட்டைப்பையில் ஜியாமெட்ரி பாக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (ஆடிப்பெருக்குக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் எடுத்துப் போனவன் அந்த ஆற்றங்கரையில் நான் ஒருவன்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.)

ஆற்றில் அந்த வருடம் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. படித்துறை பாதிக்கு மேல் முழுகிவிட்டது. அசம்பாவிதம் வேண்டாம் என்று தலையாரி இரண்டு மரத்துக்கு நடுவில் கயிற்றைக் கட்டி, யாரையும் தண்ணீர் ஓரத்துக்கு விடவில்லை. பரிசலையும் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். மாலை விடுவதற்கென்று ஒரே ஓர் ஆள் மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். கையில் நீள மூங்கில், நுனியில் கொக்கி. ஒவ்வொரு ஜோடியாக வந்து கொக்கியில் மாலையை மாட்டினால், அவர் மெதுவாக நீட்டித் தண்ணீரில் இறக்குவார். அவருக்கு முன்னால் நாற்பது ஜோடியாவது நின்றார்கள். நல்ல நேரம் பதினொன்றோடு முடிகிறது. அப்போது மணி பத்தரை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கயிற்றுக்குச் சற்றுப் பின்னால், ஒரு வேப்பமர நிழலில். அம்மா கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, இலைகள் பறக்காமலிருக்க ஒவ்வோர் இலை மேலும் ஒரு கல் வைத்துக்கொண்டிருந்தாள். "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தாள். மணியக்காரர் தம் துண்டின் மேலும் ஒரு கல்லை வைத்திருந்தார். பெண்கள் எல்லோரும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. இவ்வளவையும் நான் பார்த்தேன், கேட்டேன், குறித்தும் வைத்திருக்கிறேன். அம்மி பறக்கும் என்பதைக்கூட ஒப்புக்கொள்ளத் தயாராயிருந்தேன். மாலையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

எங்களுக்குப் பத்தடி தள்ளி இன்னொரு குடும்பம், கன்னிமாருக்கு ஆடு வெட்டக் காத்திருந்தது. மணலில் ஏழு கல் நட்டு, பொட்டு வைத்து, கறுப்புக் கடா ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பூசாரி சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவார். அது தலையையும் உடம்பையும் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாதவரை வெட்டக்கூடாது. அந்தக் கடா ஒன்பது மணியிலிருந்து சிலுப்பவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, நெட்டுக்குத்தாக நின்று எல்லோரையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மணியக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் அதே நிலையில், கடாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நேரமாகுதுங்க. வரிசை நவுரவே இல்லை. பதினொண்ணுக்குள்ள மாலையை விட முடியாதாட்ட இருக்குது" என்று மச்சான் வந்து சொன்னார்.

அத்தை, அதாவது அக்காவின் மாமியார், முகம் சுருங்கினாள். "நேரந் தப்பி விட்டா நல்லாவா இருக்கும்? மொதல் வருசம்."

எல்லோரும் மணியக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஆற்றைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் நான் எழுந்தேன்.

"வரிசையெல்லாம் வேண்டாமுங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னே ஆத்துல எறிஞ்சிரலாம். கணக்கு இருக்குது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும்.

கயிற்றிலிருந்து தண்ணீர் ஓரம் எவ்வளவு தூரம் என்று தலையாரியிடம் அனுமதி கேட்டு அடி வைத்து அளந்தேன். நாற்பத்தாறடி. என் வீச்சு எழுபத்திரண்டு. நாற்பத்தாறு போக இருபத்தாறடி ஆற்றுக்குள்ளேயே விழும். மணலில் உட்கார்ந்து விரலால் சூத்திரத்தை எழுதிக் காட்டினேன். காற்று வந்து சூத்திரத்தை அழித்தது. மறுபடி எழுதினேன்.

மச்சான் ஆவலாகக் கேட்டார்: "காலேஜுல இதெல்லாமா மாப்பிளை சொல்லித் தாராங்க?"

"இது ஆரம்பப் பாடம்" என்றேன்.

அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "தம்பி, எறியறதுதான் எறியறே, உள்ள ஒரு கல்லை வெச்சுக் கட்டி எறியேன். காஞ்ச மாலைடா. சருகாட்டம் இருக்குது."

நான் சிரித்தேன். (இந்த இடத்தில் நான் சிரித்தேன் என்பதை ஒன்பது பாடபேதங்களும் ஒருமனதாகச் சொல்கின்றன.)

"அக்கா, எடைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சூத்திரத்துல எடையே வராது. நீ வேணா பாரு, எங்கயாவது இருக்குதா?"

அவள் மணலைப் பார்த்தாள். அங்கே சூத்திரமே இல்லை. காற்று மறுபடி அழித்திருந்தது.

முதலில் மாப்பிள்ளை மாலை. இரண்டரை மாதம் ஆணியில் தொங்கி, பூவெல்லாம் சருகாகி, நாரும் ஜரிகையும் குஞ்சமும் மட்டும் மாலை என்கிற பெயரைத் தாங்கிக்கொண்டிருந்தன. கையில் எடுத்தபோது கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. மச்சானைப் பக்கத்தில் நிற்கவைத்து, கோணமானியை என் தோளருகில் பிடிக்கச் சொன்னேன். கையை உயர்த்தி, "நாப்பத்தஞ்சு வந்துருச்சா பாருங்க" என்றேன்.

"எந்தக் கோட்டுல பாக்கோணும்?"

"நடுவுல."

"நடுவுல தொண்ணூறுன்னு போட்டிருக்குது."

"அதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல."

இதற்குள் மூங்கில்காரர் வரிசையிலிருந்து பாதிப்பேர் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். ஆட்டுக்காரக் குடும்பத்தில் கொட்டுக்காரர் கொட்டை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். மணி பத்து நாற்பத்திரண்டு. கன்னிமாரை, நியூட்டனை, அந்தோணிசாமி சாரை வரிசையாக நினைத்துக்கொண்டு எறிந்தேன்.

மாலை மிக அழகாகக் கிளம்பியது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சரியாக நாற்பத்தைந்து பாகையில், பாடப்புத்தகப் படத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டிருப்பார்களே அந்தக் கோட்டில், ஒரு பதினைந்தடி ஏறியது. அங்கே போய் நின்றது. உச்சியில் மேல்நோக்கிய வேகம் பூஜ்யம் ஆகும் என்று சார் சொல்லியிருந்தார். ஆனது. முன்னோக்கிய வேகம் மட்டும் கடைசிவரை மாறாது என்றும் சொல்லியிருந்தார். அது மாறியது. முதலில் அதுவும் பூஜ்யமானது. அப்புறம் பின்னோக்கிப் புறப்பட்டது.

மாலை வானத்தில் விரிந்து, வட்டமாகி, என் தலைக்கு மேலே, மச்சானின் கோணமானிக்கு மேலே, அம்மாவின் கட்டுச்சோற்றுக்கு மேலே நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் அதற்கேற்ப வலமிருந்து இடமாகக் கழுத்தைத் திருப்பியது. திருப்பாதவர் ஒருவர்தான். அவர் பழக்கம் அது.

மாலை மணியக்காரரின் தலைப்பாகையில் இறங்கி, வழுக்கி, கழுத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

இந்த அளவோடு நின்றிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ஒன்பது மணியிலிருந்து பட்டினியாக நின்ற கடா, காய்ந்த பூவின் வாசனையைப் பிடித்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். கயிற்றின் மறுமுனை பூசாரியின் இடது கையில். வலது கையில் நிறைசொம்பு மஞ்சள் தண்ணீர். பூசாரி இரண்டடி இழுபட்டு வந்து தடுமாறினார். சொம்பு மொத்தமும் மணியக்காரர் தலையில் கவிழ்ந்தது.

மூக்கில் பூச்சருகுத் தூள். காதில் மஞ்சள் தண்ணீர். பிடரியில் ஒரு கடா மாலையைத் தின்கிறது. எந்த மனிதனால் தாங்க முடியும்? இருபத்தைந்து வருடம் மணியம் பார்த்து ஒருமுறைகூட அசையாத அந்தத் தலை, ஒரு நடுக்கம் நடுங்கி, பெரிதாக ஒரு சிலுப்பு சிலுப்பியது. தலை மட்டுமல்ல, தோள், முதுகு, சர்வாங்கமும். மூன்று தடவை.

"உத்தரவாயிருச்சு!" என்று ஆட்டுக்காரக் குடும்பத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. யார் சிலுப்பியது என்று பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கொட்டுக்காரர் பாய்ந்து கொட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அரிவாளோடு காத்திருந்தவர் கடமையுணர்ச்சியோடு இரண்டடி முன்னால் வந்தார். வந்து, மாலை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார். அதே இரண்டடியைப் பின்னால் எடுத்து வைத்தார். (அவர் அரிவாளை ஓங்கினார் என்று சில பாடபேதங்களில் வருகிறது. இல்லை. இரண்டடி, அவ்வளவுதான்.)

கொட்டு நின்றது. குலவை பாதியில் அறுந்தது. காற்றின் சத்தமும் கடா மெல்லும் சத்தமும் மட்டும் கேட்டன. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சேலம் வேலை போயிற்று என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. மச்சான் இன்னும் கோணமானியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியமில்லை.

அப்போது யாரோ விக்கினார்கள். அத்தைதான். வாயில் முந்தானையை வைத்து அடைத்திருந்தாள், தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. அழுகிறாள் என்று அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். முந்தானை நழுவியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாள் முதலாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு எல்லாம் அன்று வந்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

மணியக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சிரிப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க." அத்தை மூச்சை இழுத்துப் பிடித்தாள். "உத்தரவு குடுத்துட்டீங்க. பையன் வெள்ளிக்கிழமை கெளம்பட்டும்."

"நான் எங்கே குடுத்தேன்?"

"ஊரே பாத்துச்சே. ஒண்ணுக்கு மூணு தடவை."

"மூஞ்சியில தண்ணி ஊத்துனா உதறாம?"

"அந்தக் கடா மேல காலையில இருந்து பத்துச் சொம்பு ஊத்தியாச்சு. அது உதறுச்சா? உங்களுக்குத்தான் மனசுல இருந்திருக்குது, உதறீட்டீங்க." அத்தை பூசாரி பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க."

பூசாரி ஏழு கல்லையும் பார்த்தார், கடாவையும் பார்த்தார், மணியக்காரரையும் பார்த்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் பயப்படுகிறவரில்லை போலிருக்கிறது.

"கன்னிமார் முன்னால மாலை விழுந்துச்சுங்க. தண்ணி விழுந்துச்சுங்க. சிலுப்பீட்டீங்க. இதுக்கு மேல சாமிகிட்ட என்னத்தைங்க கேக்கறது?"

"நாளைக்கு இல்லைன்னு சொன்னா அது நல்லாவா இருக்கும்?" என்றாள் அத்தை. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "பையன் சேலத்துல இருந்தா நானும் ரெண்டு நாள் போய் உக்காந்துட்டு வருவேன். இத்தன வருசத்துல நாப்பது மைல்ல இருக்கற ஊரை நான் பாத்ததில்லை."

மணியக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வழக்கமாக எழுந்து போக வேண்டியவர்கள் எழுந்து போகவில்லை. கடைசியில் அவர், கழுத்தில் மிச்சமிருந்த நாரைக் கழற்றிக் கீழே படாமல் அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல இதை ஆத்துல விடுங்க. அந்தப் படிச்ச பையன் கையில குடுக்காதீங்க."

அக்கா மாப்பிள்ளை மாலையின் மிச்சத்தையும் தன் மாலையையும் ஒன்றாகச் சேர்த்தாள். அம்மாவின் இலை மேலிருந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து நடுவில் வைத்து, நாராலேயே நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு, மச்சான் கையைப் பிடித்து மாலை மேல் வைத்து, இரண்டு பேருமாக ஒரு வீசு வீசினார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போய் நட்டாற்றில் 'தொபுக்' என்று விழுந்தது. மணி பத்து ஐம்பத்தைந்து.

எட்டாம் வகுப்புக் கணக்கில் அவள் வாங்கியது பதினொரு மார்க்.

"இது எத்தனை பாகைடா?" என்று திரும்பிக் கேட்டாள்.

சாயங்காலம் குறிப்பேட்டில் எழுதினேன்: 'சுமார் முப்பது.'

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தோணிசாமி சாரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "சார், காற்றை எப்போது சார் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்?"

"எம்.எஸ்ஸி.யில்" என்றார்.

"அதுவரைக்கும்?"

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அதுவரைக்கும் எதையும் எறியாதே" என்றார், அதே ராகத்தில்.

மச்சான் வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்தார். ஆடி முடிந்து அக்கா சேலத்துக்கு வந்தாள். முதல் நாள் குழாயைத் திருகித் திருகி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மச்சான் சொன்னார். அத்தை இரண்டு நாள் என்று வந்தவள் இரண்டு மாதம் இருந்தாள். என்னை எங்கே பார்த்தாலும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். என் கல்யாணத்தில் மாலை கழுத்தில் விழுந்தபோது ஏதோ கனமாக இடித்தது. தடவிப் பார்த்தால் குஞ்சத்துக்குள் ஒரு கூழாங்கல். அக்கா தூணோரம் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண மாலையிலும் கல் இல்லாமல் இருந்ததில்லை. வெளியூர்ச் சம்பந்திகள் அதை ஏதோ குலவழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

மணியக்காரர் மட்டும் அந்த விஷயத்தை எடுத்ததே இல்லை. கடைசிக் காலத்தில் அவரும் சேலத்தில் மகன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு நாள் நான் போயிருந்தபோது, அக்காவின் மகள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பிச் சத்தமாகப் படித்தாள். "ஒருவன் ஒரு பொருளை நாற்பத்தைந்து பாகையில் எறிகிறான். காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்..."

மூலையில் கட்டிலில் படுத்திருந்த மணியக்காரர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கம் பாத்து எறியறான்னு கேட்டுச் சொல்லு சாமி," என்றார் பேத்தியிடம், "நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்."